குழந்தையைக் கண்டால் கோழித்துண்டு: நாயின் பயம் தணிவது எப்படி?

மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924-ம் ஆண்டு பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆய்வு தொடங்கியபோது பீட்டருக்கு 2 வயது 10 மாதம். முயலைக் கண்டால் அவனுக்கு அப்படி ஒரு பயம். முயலோடு நிற்கவில்லை. வெள்ளை எலி, ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயந்தான். ஜோன்ஸ் அவனை உயரமான நாற்காலி ஒன்றில் உட்காரவைத்துப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்தார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கம்பிக் கூண்டில் முயலைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு பக்கத்தில்? அவன் சாப்பிடுவது நிற்காத அளவுக்கு மட்டும். நாளாக ஆகக் கூண்டு நெருங்கி வந்தது. அப்புறம் கூண்டே தேவைப்படவில்லை. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான், அது தன் விரலைக் கொறிக்கவும் விட்டான்.

மிருகத்துக்குப் பயந்த குழந்தையிடம் பலித்த அதே வழியைத்தான் இன்று குழந்தைக்குப் பயந்த நாயிடம் பயன்படுத்துகிறார்கள். நூறு ஆண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஆனால் வீட்டில் நாமாகச் செய்யும்போது தீனி கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. எவ்வளவு தூரத்தில், எது முதலில் எது பின்னால் என்பது மறந்துபோகிறது. வேலை செய்வதே அந்த இரண்டும்தான்.

முதலில், நாய் ஏன் குழந்தையைக் கண்டு மிரள வேண்டும்? நமக்குக் குழந்தை என்றால் குட்டி மனிதர். நாய்க்கு அப்படித் தோன்ற வேண்டிய அவசியம் இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் முகம் கிட்டத்தட்ட நாயின் முகத்துக்கு நேராக இருக்கிறது. அது கண்ணிமைக்காமல் உற்றுப் பார்க்கும். நாய்களுக்குள் அப்படி உற்றுப் பார்ப்பது மிரட்டல். ஓடும், திடீரென்று நிற்கும், விழும், காரணமில்லாமல் கீச்சென்று கத்தும். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 45,000 வரை போகும். உச்சத்தில் எழும் ஒலிகள் அதற்கு நம்மைவிடக் கூர்மையாகவே கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல் குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ளும். நமக்கு அது பாசம். நாய்க்கு, விலகிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொள்வது.

தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த நாய்க்கு இதற்கு மேலும் காரணம் இருக்கலாம். கல்லடி பட்டிருக்கும், வாலைப் பிடித்து இழுத்திருப்பார்கள், தீபாவளிக்குப் பக்கத்தில் யாராவது சரவெடி கொளுத்திப் போட்டிருப்பார்கள். ஆனால் குழந்தைக்குப் பயப்படும் நாய் என்றாலே எவரோ கொடுமைப்படுத்தியிருப்பார்கள் என்று முடிவுகட்டவும் கூடாது. கெட்ட அனுபவம் எதுவுமே இல்லாமல், அனுபவமே இல்லாததால் பயப்படும் நாய்கள் நிறைய.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை 1961-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவரும் நாய்க்குட்டிகளை உயரமான வேலிக்குள் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை 2 வாரத்தில், சிலவற்றை 3, 5, 7, 9 வாரங்களில் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே எடுத்து மனிதர்களோடு பழகவிட்டுத் திரும்ப வேலிக்குள் விட்டார்கள். ஒரு சிறு கூட்டத்தை மட்டும் 14 வாரம் வரை தொடவே இல்லை. அந்தக் கடைசிக் கூட்டம் காட்டு விலங்கு போலவே மனிதரைக் கண்டு விலகியது. சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டியின் மூளை எதையெல்லாம் பார்க்கிறதோ அதையெல்லாம் ‘இது உலகத்தில் சாதாரணம்’ என்று சேர்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதிதாக வருவது எதுவானாலும் முதலில் சந்தேகம்தான். அந்த வாரங்களில் பெரியவர்களை மட்டுமே பார்த்து வளர்ந்த குட்டிக்குக் குழந்தை அந்தப் பட்டியலில் இல்லை. மாமாவிடமும் தாத்தாவிடமும் குழையும் நாய் பேத்தியைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போவது இதனால்தான்.

சரி, அந்தப் பருவம் தாண்டிவிட்டது. இப்போது என்ன செய்யலாம்?

பயம் எழும்போது மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. அதனால்தான் மிகவும் பயந்த நாய் வாயருகே வைத்த ஈரலைக்கூட மோந்து பார்க்காது. ஜோன்ஸ் சாப்பிடுவதை அளவுகோலாக எடுத்துக்கொண்டதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது பாருங்கள். சாப்பிடுகிறது என்றால் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. சாப்பிடவில்லை என்றால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். வெடுக்கென்று விரலோடு சேர்த்துப் பிடுங்கிச் சாப்பிடுகிறது என்றாலும் விளிம்புக்கு வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் தெரியும் அடையாளங்கள் உண்டு. பசியோ உணவோ இல்லாதபோது நாக்கால் மூக்கைச் சட்டென்று நக்குவது. தூக்கமில்லாத கொட்டாவி. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் குழந்தை மேல் வைத்திருப்பது. அப்போது விழியின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். காது பின்னால் படியும், வால் இடுங்கும், உடல் எடை பின்னங்கால்களுக்குப் போகும். இவற்றில் மிக ஆபத்தானது விறைத்து நிற்பது. மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடிக்கொண்டு ஒரு கணம் சிலை மாதிரி நின்றால், ‘பாரு, எவ்வளவு சமர்த்தாக நிற்கிறது’ என்று சொல்லிக் குழந்தையைத் தடவவிடுகிறார்கள். அடுத்த கணம் கடி விழுகிறது. முன்னறிவிப்பில்லாமல் கடித்துவிட்டது என்று சொல்லப்படும் கடிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னறிவிப்பு இருந்திருக்கும். பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளால் இதைத் தாங்களாகப் படிக்க முடியாது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் நாய்ப் படங்களையும் வீடியோக்களையும் காட்டிப் பார்த்ததில், பல்லைக் காட்டி மிரட்டும் நாயைச் சிறு பிள்ளைகள் பலர் சிரிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்றே நினைத்தார்கள். ஆகவே கவனிக்கும் பொறுப்பு முழுக்கப் பெரியவருடையது.

இனி வேலையைப் பார்ப்போம். கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், இரண்டு வயது, குழந்தை என்றால் உதறல். குடியிருப்பின் பூங்காவில் ஒரு மூலையில் பெஞ்சு. அதில் ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் அவள் அம்மா. அவளுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: நாயைப் பார்க்காதே, கூப்பிடாதே, புத்தகம் படி. இன்னொரு மூலையிலிருந்து கருப்பன் வருகிறான். கயிறு தளர்வாக இருக்கிறது. இறுகிய கயிறே அவனுக்கு ஒரு கெட்ட செய்தி. சுமார் நாற்பது அடியில் அவன் காது நிமிர்கிறது, பெண்ணைப் பார்த்துவிட்டான், ஆனால் வால் இன்னும் இடுங்கவில்லை. அங்கேயே நின்றுவிட வேண்டும். அவன் பார்த்த மறு விநாடி, உப்புப் போடாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும். புதர் மறைவுக்குப் போனால் கோழி நின்றுவிடும். மறுபடி அவள் தெரிந்தால் மறுபடி கோழி. மூன்று நான்கு நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் குழந்தை, அப்புறம் கோழி. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் சோதனையில் நாய்களுக்கு முதலில் சத்தம், பிறகு உணவு என்று வந்ததால்தான் சத்தம் கேட்டதுமே எச்சில் ஊறியது. இங்கே தலைகீழாகச் செய்தால், அதாவது கோழிப் பையைச் சரசரவென்று திறந்து, பிறகு குழந்தை வந்தால், ‘பை திறந்தால் பயங்கரம் வரப்போகிறது’ என்று கருப்பன் கற்றுக்கொள்வான். அதற்குப் பிறகு கோழியைக் கண்டாலே மிரள்வான். உணவும் பயமும் சேரும் இடத்தில் பயம் ஓங்கிவிட்டால் உணவுமேல் பயம் ஒட்டிக்கொள்ளும் என்று ஜோன்ஸே அன்றைக்கு எச்சரித்திருக்கிறார். இன்னொன்று, அந்தக் கோழி குழந்தை தெரியும்போது மட்டும்தான் கிடைக்க வேண்டும். தினமும் தட்டில் விழும் சாப்பாட்டுக்கு இந்தச் சக்தி இல்லை.

இப்படிப் பல நாள் போனபின் ஒரு நாள், கருப்பன் அந்தப் பெண்ணைப் பார்ப்பான், உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். வால் லேசாக ஆடும். இத்தனை நாள் உழைப்பும் அந்தத் திரும்பலுக்காகத்தான். அது வந்த பிறகே முப்பத்தைந்து அடிக்குப் போகலாம். தூரத்தைக் குறைக்கும் நாளில் வேறெதையும் மாற்றக் கூடாது. உட்கார்ந்திருந்த பெண் இன்று நடக்கப்போகிறாள் என்றால் மறுபடி நாற்பது அடிக்குப் பின்வாங்க வேண்டும். ஓடுவது, பந்து விளையாடுவது, இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்வது என்று ஒவ்வொன்றும் தனிப் பாடம்.

நல்ல மனதோடு செய்யப்படும் ஒரு தவறை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘குழந்தை கையாலேயே பிஸ்கட் கொடுக்கட்டும், பழகிவிடும்’ என்பார்கள். பயந்த நாய்க்குப் பசியும் இருக்கும். கழுத்தை நீட்டி, பின்னங்காலைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு, பிஸ்கட்டை எடுத்துவிடும். எடுத்து முடித்ததும் தலை நிமிர்ந்தால் தான் பயப்படும் உருவத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. கவர்ந்து இழுத்த பிஸ்கட் இப்போது இல்லை. அந்த நேரத்தில் குழந்தை கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்குப் பதிலாக, பழகி நெருங்கிய கட்டத்தில் பெரியவர் தீனியை நாய்க்குப் பின்பக்கமாக எறியலாம். அது திரும்பிப் போய் எடுக்கும். உணவும் கிடைத்தது, தூரமும் கிடைத்தது. பயந்த பிராணிக்குத் தூரம் உணவுக்கு ஈடான பரிசு. போன நாய் தானாகத் திரும்பி வந்தால், அந்த நெருக்கம் அதன் சொந்த முடிவு. அப்படி வந்த நெருக்கம்தான் நிலைக்கும்.

பயப்படும்போது தீனி கொடுத்தால் பயத்தையே ஊக்குவிப்பதாகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. உட்காருவது, குரைப்பது போன்ற செயல்களைப் பரிசு கொடுத்து வளர்க்கலாம். பயம் செயல் இல்லை, உணர்ச்சி. நல்லது தொடர்ந்து வந்தால் அது குறையும். அதே மாதிரி உறுமலுக்கு அடிப்பதும் வேண்டாம். அடித்தால் உறுமல் அடங்கும், பயம் அப்படியே இருக்கும். மிச்சமிருப்பது உறுமாமல் கடிக்கும் நாய். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அடியும் விழுந்தால், குழந்தை வந்தால் வலி வரும் என்று அது புரிந்துகொண்டதில் தவறே இல்லை.

முன்னேற்றம் ஒரே சீராக இருக்காது. பீட்டருக்கு நடுவில் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் வந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். வெளியே வந்து டாக்ஸியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்து வந்து அவனை மிரட்டிவிட்டது. பழைய பயம் முழுசாகத் திரும்பியது. பயப்படாத பிள்ளைகளோடு விளையாடவிட்டு அதுவரை வந்த முன்னேற்றம் போய்விட்டது, சாப்பாட்டு முறையை அதற்குப் பிறகுதான் தொடங்கினார்கள். பழைய பயத்தின் நினைவு அழிவதில்லை, அதன் மேல் புதிய நினைவு ஒன்று வலுப்பெறுகிறது என்பது பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். பூங்காவில் அமைதியாக இருந்த நாய் மாடிப்படியில் அதே குழந்தையைக் கண்டு பதறுவதும் இதனால்தான். இடம் மாறினால் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் தொடங்க வேண்டும். ஒரே நாளில் பட்டாசு, கால்நடை மருத்துவரிடம் ஊசி, வீட்டுக்கு விருந்தாளி என்று அடுக்கடுக்காக வந்தால் அன்று பயிற்சியே வேண்டாம். அழுத்த ஹார்மோன்கள் உடனே இறங்கிவிடுவதில்லை.

தொடங்கும் முன் கால்நடை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இடுப்பு மூட்டு வலி, காதுப் புண், பல் வலி உள்ள நாய்க்குக் குழந்தை வந்து மேலே விழுந்தால் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. கோழியால் தீராது, சிகிச்சையால் தீரும். எந்தத் தூரத்திலும் சாப்பிட முடியாத அளவு பதறும் நாய்க்குப் பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வெறிநோய் சந்தேகம் உள்ள மிருகங்களிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நாய்க்குத் தடுப்பூசி போடாமல் இந்தப் பயிற்சியில் இறங்கவே கூடாது. பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

சில நாய்கள் குழந்தைகளோடு விளையாடும் நிலைக்கு ஒருநாளும் வராது. ஒரே வீட்டில் இருந்தபடி, எட்டி நின்று, பதறாமல் பார்ப்பது வரைதான் வரும். அதுவே பெரிய மாற்றம், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வரும் வாரத்தில் உள்ளறையில் அதன் படுக்கை, தண்ணீர், கடிக்க ஏதாவது ஒன்று, வாசலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு. பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போகாதே, அதுவாக வந்தால் தவிர நீ போகாதே, அது எழுந்து போனால் பின்னால் போகாதே. பெரியவர் யாரும் இல்லாத அறையில் இருவரையும் ஒன்றாக விடக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட.