கெட்டிமேளம் ஏன் முந்துகிறது?

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கல்யாணம், ஈப்போவில் பாட்டி கைப்பேசியில் நேரலை பார்க்கிறார். கெட்டிமேளம் கொட்டிவிட்டது. திரையில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் எடுக்கவே இல்லை.

இணையம் மெதுவாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. கேமரா படத்தை ஒரு கணினி அனுப்புகிறது, ஒலி மிக்சர் வழியாக வரும் நாதஸ்வரத்தையும் தவிலையும் இன்னொன்று. படத்தைச் சுருக்க நேரம் பிடிக்கும். ஒலி சின்னச் சரக்கு, சீக்கிரம் கிளம்பிவிடும்.

ஒலி முந்துவதுதான் நமக்கு உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு அமைப்பின் 1998 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே கவனித்துவிடுவோம். பிந்தினால் 125 வரை தெரியாது. காரணம் இயற்கைதான். பத்துமலையில் 34 மீட்டர் தள்ளி உறுமி அடித்தால், கை விழுந்து 100 மில்லிவினாடி கழித்தே சத்தம் வரும். பிந்தி வரும் ஒலி மூளைக்குப் பழகியது. முந்தி வரும் ஒலியை அது எங்கே கண்டது?

சரி, எப்படிச் சேர்ப்பது? படத்தையும் ஒலியையும் சிறு தரவுப் பொட்டலங்களாக (பாக்கெட்) இணையத்தில் அனுப்பும் ஆர்டிபி முறையில், ஒவ்வொரு பாக்கெட்டிலும் நேர முத்திரையாக ஓர் எண் உண்டு. ஆனால் படத்துக்கு வினாடிக்கு 90,000 என்றும், ஒலிக்குப் பெரும்பாலும் 48,000 என்றும் எண்ணிக்கை ஓடும். தொடக்க எண்ணும் வேறு வேறு. நேராக ஒப்பிட வழியில்லை. அதனால் அனுப்பும் கணினி சில வினாடிகளுக்கு ஒருமுறை தனியாக ஒரு தகவல் விடும்: 'என் எண்ணிக்கை இதுவாக இருந்தபோது கடிகாரம் இன்ன மணி.' அப்புறம் கணக்கு சுலபம். முந்தி வந்த ஒலியைப் படம் வரும்வரை நிறுத்தி வைத்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல். அனுப்பும் இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டுமே! கடிகாரத்தை ஓட்டும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே மணிக்கு 72 மில்லிவினாடி நழுவும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் நழுவினால் இரட்டிப்பு. எனவே நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி முறையில் இரண்டும் சர்வரிடம் மணி கேட்டுக்கொண்டே இருக்கும். போய்வந்த நேரத்தில் பாதியை ஒருவழிப் பயணம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். போகும் வழியும் வரும் வழியும் சமமில்லை என்றால் அந்த வித்தியாசத்தில் பாதி பிழையாக நிற்கும். ஒளிபரப்பு நிலையங்களில் இதைவிடத் துல்லியமாகக் கடிகாரங்களைச் சேர்க்கும் பிடிபி முறை புழங்குகிறது. அங்கே நெட்வொர்க் கார்டே நேரம் குறிப்பதால் பிழை மைக்ரோவினாடிக்கும் கீழே.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் விலகினால், பிளேயர் பெரும்பாலும் படத்தின் மேல்தான் கை வைக்கும். வினாடிக்கு 25 படங்களில் ஒன்றை இரண்டு முறை காட்டினால் 40 மில்லிவினாடி கிடைக்கும், கண் பொருட்படுத்தாது. தவிலில் அவ்வளவு இடைவெளி விட்டால் காது உடனே பிடித்துவிடும்.