தொண்டைக்குள்ளும் ஒரு தோல்

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பரம்பரைக் கொப்புள நோயோடு பிறந்த குழந்தையைத் தூக்குவதற்குத் தனி முறை உண்டு. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. மெல்ல ஒருக்களித்து, அடியில் சிறு மெத்தையை வைத்து, மெத்தையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். இந்தத் தோல் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், உரசலைத் தாங்காது.

மேல்தோல் வழுகிவிடாமல் அடித்தோலோடு பிடித்துவைப்பவை நங்கூரம் போன்ற நுண்ணிழைகள். கொலாஜன் 7 என்ற புரதத்தால் ஆனவை. அதற்கான மரபணு 3-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால், நங்கூரம் குறைந்துபோகும் அல்லது இல்லாமலே போகும். லேசாக உரசினாலும் மேல்தோல் பிரிந்து, இடைவெளியில் நீர் கோக்கும். நோயில் பல வகைகள் உண்டு. செரிமானப் பாதையை அதிகம் படுத்துவது இந்த வகைதான்.

தோல் நோய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? வாயிலிருந்து உணவுக்குழாயின் அடிவரை உள்பூச்சு பல அடுக்குத் திசு. தோலுக்கு நெருங்கிய சொந்தம் என்றே சொல்லலாம்; மேலே காய்ந்த கெட்டிப் படலம் மட்டும் இல்லை. இரைப்பை தொடங்கும் இடத்தில் அது ஒற்றை அடுக்காக மாறிவிடும். ஆசனவாயில் மறுபடியும் பல அடுக்கு. அதனால்தான் தொல்லை பெரும்பாலும் பாதையின் இரண்டு முனைகளிலும் நிற்கிறது.

முறுக்கைக் கடித்து விழுங்குவது நமக்கு ஒரு விஷயமே இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு அது உள்ளே நடக்கும் உரசல். உணவுக்குழாயில் கொப்புளம் எழும், உடையும், ஆறும். ஆறிய இடத்தில் தழும்பு. தழும்பு சுருங்கும் இயல்புடையது. வெளியே கைவிரல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதும் அதுதான், உள்ளே குழாயை நெரிப்பதும் அதுதான். நெரிசல் மேல்பகுதியில்தான் அதிகம். போதாததற்கு, நாக்கு வாயின் அடியோடு ஒட்டிக்கொள்ளும், வாய் சரியாகத் திறக்காது, பல்லும் சொத்தையாகும். மென்று மசிக்க முடியாமல் விழுங்கும் கவளம் இன்னும் உரசும்.

அப்புறம் மலச்சிக்கல். இந்த நோயில் இதைப் பற்றித்தான் பேச்சு மிகக் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. குழைத்த உணவில் நார்ச்சத்து குறைவு. புண்களிலிருந்து ரத்தம் கசிவதால் வரும் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அது மலத்தை இறுக்கும். வலிக்குத் தரும் மார்ஃபின் வகை மருந்து குடலை மந்தமாக்கும். இறுகிய மலம் ஆசனவாயைக் கிழிக்க, குழந்தை பயந்து அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க இன்னும் இறுகும். சாப்பிட்டால் போக வேண்டியிருக்கும் என்று சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. புண் ஆற மற்ற பிள்ளைகளைவிட அதிகப் புரதம் தேவைப்படும் உடம்பு அது. எனவே மலத்தை இளக்கும் மருந்து பலருக்கு அன்றாடத் தேவை. வாய்வழி உணவு போதாதபோது வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்துவார்கள்.

2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு ஜெல், பழுதில்லாத மரபணுவைப் புண்ணுக்குள்ளேயே கொண்டுசேர்க்கிறது. ஆனால் அது தோல் புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக இடுவது. தொண்டைக்குள் நெரிந்த இடத்துக்கு இன்றும் பலூன்தான். கம்பி போன்ற கருவியை நுழைத்து விரிப்பது பழைய முறை. அது போகும் வழியெல்லாம் உரசிக்கொண்டே போகும். சுருங்கிய பலூனை எக்ஸ்ரே பார்த்தபடி மெல்லிய வயர் வழியே இறக்கி, நெரிசலில் நிறுத்தி விரித்தால், விசை பக்கவாட்டில் மட்டும் விழும். குழந்தையைத் தூக்கும்போது பார்த்த அதே கணக்கு: அழுத்தலாம், உரசக் கூடாது. தழும்பு திரும்பச் சுருங்கும் என்பதால் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ மறுபடி செய்ய வேண்டிவரும். ஆனாலும் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வந்த பிள்ளைக்கு, பெரும்பாலும் அன்றைக்கே கஞ்சித் தண்ணீர் இறங்கிவிடும்.