நான்கு அடி ஆழத்தில் ஒரு வெப்பமானி

"குழந்தைக்குப் பல் முளைக்கும்போது பேதி ஆவது சகஜம்தானே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பல்லுக்கும் பேதிக்கும் தொடர்பில்லை. அந்த ஆறேழு மாதத்தில்தான் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது, இணை உணவும் தொடங்குகிறது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. பழி மட்டும் பல்லின்மேல் விழுகிறது. இங்கிலாந்தில் 'பல் முளைத்தல்' என்பதையே மரணக் காரணமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பதிவேட்டில் எழுதினார்கள்.

உண்மையில் அங்கே பிள்ளைகளைக் கொன்றது கோடைக்காலப் பேதி. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1910-ல் பிறந்த 1000 குழந்தைகளில் 105 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். வெயில் கொளுத்திய 1911-ல் அது 130. கோடை குளிர்ந்திருந்த 1912-ல் 95.

வெயில் எப்படிக் கொல்கிறது? எட்வர்ட் பல்லார்ட் என்ற மருத்துவர் 1880-களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். காற்று எவ்வளவு சுட்டாலும் சாவு உடனே ஏறவில்லை. நான்கு அடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் 56 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸை, எட்டிய பிறகே ஏறியது. காற்று குளிர்ந்த பின்னும், அந்த ஆழம் குளிரும்வரை சாவு தணியவில்லை. கிருமி மண்ணுக்குள் விளைகிறது என்று அவர் நினைத்தார்.

விடை வேறு. மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒரு நாள் வெயில் நான்கு அடிக்குப் போகாது. பல வாரத்து வெயில் சேர்ந்தால்தான் போகும். அந்த ஆழம் வெயிலின் உண்டியல். வீட்டு ஈயும் அதே கணக்கில்தான் பெருகுகிறது! தெருவெல்லாம் குதிரைச் சாணம். அதில் ஓர் ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். ஆனால் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாக வாரக்கணக்கில் ஆகும். இப்படிச் சில தலைமுறை கடந்தால்தான் ஊரை மொய்க்கும். மண்ணின் தாமதமும் ஈயின் தாமதமும் ஒன்றாக ஓடின. மான்செஸ்டரின் சுகாதார அதிகாரி ஜேம்ஸ் நிவென் வீடுகளில் ஈ பிடித்து எண்ணவைத்தார்: ஈ பெருகியது, பின்னாலேயே சாவும் பெருகியது. இப்படிப் பொறுமையாக எண்ணும் வேலைக்கு இன்றும் அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஈயால் மெல்ல முடியாது. சர்க்கரை கண்டால் வயிற்றுத் திரவத்தைக் கக்கி, கரைத்து, உறிஞ்சும். சற்றுமுன் மலத்தில் உறிஞ்சியதும் அந்தக் கக்கலில் இருக்கும். திறந்து வைத்த இனிப்பான டப்பாப் பாலைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? பிரைட்டன் நகரின் சுகாதார அதிகாரி ஆர்தர் நியூஸ்ஹோம் அங்கே கணக்கெடுத்தபோது, தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் பெரும்பாலும் தப்பியிருந்தார்கள். டப்பாப் பால் குடித்தவர்கள் நிறையப் பேர் இறந்திருந்தார்கள். டப்பா ஆலையில் சூடாக்கி மூடப்பட்டது. ஆகவே கிருமி மாட்டுப் பண்ணையில் அல்ல, வீட்டுக்குள்தான் சேர்ந்தது என்றார் அவர்.

அப்படியானால் நல்ல பால் விற்றால் மட்டும் போதாது, வீட்டுக்கே ஆள் போக வேண்டும். 1907-ல் வந்த பிறப்பு அறிவிப்புச் சட்டம், அதை ஏற்ற ஊர்களில், குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்றது. தாய்ப்பாலை நிறுத்திப் புட்டியைக் கையில் எடுக்குமுன் சுகாதாரப் பணிப்பெண் அந்த வீட்டுக்குப் போய்விட அது வழி செய்தது.