பேதி போலத் தோன்றும் மலச்சிக்கல்

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு ஐந்தாறு நாளாக மலம் போகவில்லை. பிறகு திடீரென்று நாள் முழுக்கத் தண்ணீராகக் கசிகிறது. பேதி என்று நினைத்து வீட்டில், பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மையில் மலக்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்திருக்கும். மேலிருந்து வரும் நீர்மலம் அதன் ஓரமாக ஒழுகுகிறது. லோபரமைடு குடலசைவைக் குறைத்து அடைப்பை இன்னும் இறுக்கும். கையுறை போட்ட விரலால் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கூச்சத்தால் தட்டிக்கழிக்கப்படுவதும் இந்தச் சோதனைதான். விரலுக்கு எட்டாத உயரத்திலும் அடைப்பு இருக்கலாம், அதையும் மறக்கக் கூடாது.

மலமிளக்கி எழுதுமுன் மாத்திரைப் பட்டியலைக் கேட்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், வெராபமில் (ரத்த அழுத்த மருந்து), அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு மருந்து), டிரமடால் (வலி மருந்து) எல்லாமே மலத்தைக் கட்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படித்தான்.

அடைத்திருக்கும்போது நார்ச்சத்தைக் கூட்டுவது வீண், வயிறுதான் உப்பும். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். எனிமா (ஆசனவாய் வழியே ஏற்றும் திரவம்) தேவைப்பட்டால், முதியவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பாஸ்பேட் எனிமா ஆபத்து: ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கிவிடும்.

அதன்பிறகு பாலிஎத்திலீன் கிளைகால் என்னும் மலமிளக்கிப் பொடி 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில், தினம் ஒரு வேளை. பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கிச் சிரப்புக்கும் இரண்டு நாள் வரை பிடிக்கும். முதல் நாளே 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கம். குடலைத் தூண்டும் பிசாகோடில் மாத்திரை 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். பாலோடு விழுங்கினால் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். இசப்கோலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், இல்லையென்றால் அதுவே அடைக்கும்.

காலை உணவு முடிந்த அரை மணிக்குள் பெருங்குடல் தானாகவே அசையும். கழிவறைக்குப் போக அதுவே நல்ல நேரம். மேல்நாட்டுக் கழிவறையில் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க உட்கார்ந்தால் மலவழி நேராகும். மலம் இளகியும் முக்க வேண்டியிருக்கிறதா? தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை இறுகுகிறதோ என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்தைவிடப் பயோஃபீட்பேக் பயிற்சி (தசையின் இயக்கத்தைக் கருவியில் பார்த்துத் தளர்த்தப் பழகுவது) உதவும்.

தினமும் போகாவிட்டால் நோய் என்பதில்லை. நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான்.

ஆனால் வாந்தி, வயிற்று உப்பல், காற்றுகூடப் பிரியாமை மூன்றும் சேர்ந்தால் எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலப்போக்கு மாறினாலோ, ரத்தம், எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தாலோ, மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கொலோனோஸ்கோப்பியை (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் சோதனை) தள்ளிப்போடக் கூடாது. மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.