சொல் விளக்கம்: புழக்கம்

‘பாப்புலர்’ என்பதற்குக் கை தன்னால் எழுதுவது ‘பிரபலம்’. மூல நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய திறமூல மென்பொருளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் ஆளைக் கவிழ்த்துவிடும்.

லத்தீனில் ‘பாப்புலுஸ்’ என்றால் மக்கள். பாப்புலர் என்றால் மக்களிடம் இருப்பது, அவ்வளவுதான். பிரபலமோ வடமொழிச் சொல். உள்ளே ‘பலம்’ உட்கார்ந்திருக்கிறது. மிகுந்த வலிமை என்பதே பழைய பொருள், இந்தியில் இன்றும் அப்படித்தான். தமிழில் அது பேர்போனது என்றாகி, இப்போது சினிமாக்காரர்களையே ‘பிரபலங்கள்’ என்கிறோம். ‘பிரபலமான நிரல்’ என்றதும் பலமான நிரல் என்று மனசு எடுத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

சரி, ‘புகழ்’ போடலாமா? புகழ்வதற்குப் பேராவது தெரிய வேண்டும். இணையத்தில் போய்வரும் தகவலை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரல், இணையச் சேவையகங்களில் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டிருந்த காலத்தில், அதன் பேரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

என் கட்சி ‘புழக்கம்’. ‘புழங்கு’ என்ற வினையிலிருந்து வருவது. நெல்லைப் பக்கத்து வீடுகளில் அடுக்களைக் குடத்தில் தாமிரபரணித் தண்ணீர் மூடியிருக்கும். புறவாசல் டிரம்மில் போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். விருந்துக்கு வந்த பிள்ளை டிரம்முக்குள் டம்ளரை விட்டால் ஆச்சி சத்தம் போடுவாள்: “ஏலே, அது புழங்குத தண்ணில்லா! குடத்துல மோந்து குடி.” அந்த வீட்டில் நாள் முழுக்க அதிகம் செலவாவது டிரம் தண்ணீர்தான். பாத்திரம் கழுவ, துணி அலச, முற்றம் தெளிக்க எல்லாம் அதுதான். அதற்காக அதை யாரும் குடத்தில் ஊற்றுவதில்லை. குறை சொல்வதும் இல்லை.

தரம் வேறு குடம். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டையைப் பாருங்கள். “இத்தனை எழுத்து அனுப்பியிருக்கிறேன், அப்படியே திருப்பிச் சொல்” என்று கேட்டால், அத்தனை வந்ததா என்று எண்ணிப் பார்க்காமல், பக்கத்து நினைவகத்தில் கிடப்பதையும் சேர்த்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். 2012 மார்ச் பதிப்பிலேயே வந்த பிழை அது. அவ்வளவு பேர் புழங்கியும் இரண்டு வருடம் கண்ணில் படவில்லை. முழுநேரமாகக் கவனித்தவர் ஒரே ஒருவர். வருட நன்கொடை சுமார் 2,000 டாலர்.

அதற்காகப் புழக்கத்தைத் தரத்துக்கு எதிரியாக்கிவிட வேண்டாம். புழங்காத பித்தளையில்தான் களிம்பு ஏறும். 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் யாரோ ஒளித்துவைத்த பின்கதவு, அதாவது திருட்டு நுழைவழி, மாட்டியதுகூட, தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதிப்பதைப் புழங்கிய ஒருவர் கவனித்ததால்தான்.

அப்புறம், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பிடித்ததற்குப் போடும் நட்சத்திரங்கள். அதைப் புழக்கக் கணக்கில் சேர்க்க முடியாது. நட்சத்திரம் போட்டுவிட்டு நிறுவாமலே விட்டவை என் கணக்கிலேயே ஏராளம். அதற்கு வேண்டுமானால் ‘புகழ்’ என்று எழுதலாம். நிறுவிப் பயன்படுத்துவதற்குப் ‘புழக்கம்’. ‘பிரபலம்’ சினிமாக்காரர்களிடமே இருக்கட்டும்.