நட்டைத் திருகுவதற்கு முன்

டிக்கியைத் திறந்ததும் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் கிடந்தால், ஓட்டுநர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு வண்டியின் நோய் தெரிந்துவிடும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. காரைக்குடியில் பட்டறை வைத்து 22 ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை எத்தனை செங்கல் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. "நம் ஊர் என்ன கொடைக்கானலா? தரை சமமாகத்தானே இருக்கிறது" என்பார்கள்.

தரை சமம்தான். ஆனால் செட்டிநாட்டு வீடுகள் தெருவிலிருந்து உயர்ந்தவை. கார் உள்ளே ஏற வாசலில் ஒரு சரிவு கட்டியிருப்போம். ஊருணிக் கரை சரிவு, குன்றக்குடி அடிவாரம் சரிவு. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற சிமெண்டுத் தளம்கூடத் தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் போட்டதுதான். தண்ணீர் ஓடுகிற இடத்தில் சக்கரமும் ஓடும்.

சென்ற தை மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி ஆள் அனுப்பினார்கள். மகன் சிங்கப்பூரில். கார் ஆண்டில் பாதி நாள் வீட்டு ஷெட்டிலேயே நிற்கும். புரட்டாசியில் மகன் சிங்கப்பூருக்குக் கிளம்பியதும் ஓட்டுநர் காரை நன்றாகக் கழுவி, ஈரம் காய்வதற்குள் ஷெட்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொறுப்பான மனிதர்; அதுதான் வினையாகப் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அந்தக் கார் அப்படியே நின்று கழித்தது. தை பிறந்து எடுத்தபோது சக்கரம் அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து, பின்னால் இரண்டு பேர் தள்ளியதும் 'டப்' என்று ஒரு சத்தம், கார் நகர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அன்றிலிருந்து ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை.

உள்ளூரில் ஒருவர் வந்து லீவருக்குக் கீழே இருக்கும் நட்டை இறுக்கிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்கினார். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில், நியூட்ரலில் நின்ற கார் தானாகச் சரிவில் இறங்கி வாசல் தூணில் மோதி நின்றது. அந்த இடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்து உள்ளே போய் இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"நட்டை இரண்டு தடவை இறுக்கியாகிவிட்டது தம்பி, இன்னும் என்னதான் வேண்டுமாம் அதற்கு?" என்றார்கள் ஆச்சி.

"இறுக்கியதுதான் ஆச்சி தப்பு" என்றேன். பின்சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மைக் கழற்றிக் காட்டினேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் இடது பக்க ஷூவில், உரசிப் பிடிக்கிற லைனிங்கே இல்லை. டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டது, இழுத்த இழுப்பில் ஷூவை விட்டுப் பெயர்ந்து துண்டு துண்டாக உள்ளே கிடந்தது. அந்த 'டப்' சத்தம் அதுதான்.

கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஹேண்ட் பிரேக்குக்கு எண்ணெய் கிடையாது, இரும்புக் கேபிள்தான். லீவரை இழுத்தால் கேபிள் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் சிறு நெம்புகோலை இழுக்கும். அது இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். அதை ஈடுகட்ட உள்ளே ஒரு தானியங்கி அட்ஜஸ்டர் உண்டு. பிரேக் போடப் போட, அது பல் பல்லாக நகர்ந்து ஷூவை டிரம்முக்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். நம் செம்மண் புழுதியும் மழைக்காலத் துருவும் சேர்ந்து அதை நகரவிடாமல் செய்துவிடுகின்றன. இழுக்கும்போது ஐந்து 'டக்' சத்தத்தில் நின்ற லீவர் பத்துக்குப் போகிறது.

அப்போது நட்டை இறுக்கினால் லீவர் மறுபடி ஐந்தில் நிற்கும். கைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லீவரைக் கீழே இறக்கிய பிறகும் கேபிள் கொஞ்சம் இழுபட்டே இருப்பதால், உள்ளே நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்புவதில்லை. அது திரும்பாவிட்டால் பல வண்டிகளில் அட்ஜஸ்டர் இயங்காது. ஷூ உரசிக்கொண்டே ஓடி டிரம் சூடேறும் வண்டிகளும் உண்டு. நட்டு கடைசி வேலை. முதலில் டிரம்மைக் கழற்ற வேண்டும், அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து ஷூவை டிரம்முக்கு அருகில் கொண்டுவர வேண்டும், பிரேக்கை நாலைந்து முறை மிதித்து அமர வைக்க வேண்டும். அதன் பிறகு கேபிளில் மிச்சத் தொய்வு இருந்தால் மட்டும் நட்டு. எத்தனை டக் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே ஈரம் பளபளத்தால் வேறு கதை. வீல் சிலிண்டரோ ஆயில் சீலோ கசிகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி மாட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நானும் தொழில் பழகிய நாளில் செய்தவன்தான். லைனிங் குடித்த எண்ணெய் சூடேறியதும் வெளியே வந்தே தீரும். கசிவை நிறுத்திவிட்டு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஷூ மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்றையும் பையன்களிடம் ஓயாமல் சொல்கிறேன்: டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்துத் துடைக்க வேண்டும்.

ஷூ நன்றாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். உறைக்குள் துருப்பிடித்த கேபிள் இழுத்தால் முழுதாக வராது, விட்டால் முழுதாகப் போகாது. எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று நினைக்காமல் மாற்றிவிடுவது நல்லது. பின்னால் டிஸ்க் உள்ள வண்டிகளில் அமைப்பு வேறு. பொத்தானில் இயங்கும் மின்சார பிரேக்காக இருந்தால், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இல்லாத பட்டறையில் பின்பக்க பேடு மாற்றவே விடாதீர்கள். பிஸ்டனைக் கையால் அழுத்தித் தள்ளி மோட்டாரை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எதிரே ஆளில்லாத சிறு சரிவில் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு நியூட்ரலுக்கு வாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை மெதுவாகத் தளர்த்துங்கள். நகர்ந்தால் பட்டறைக்கு வர வேண்டும். அதுவரை மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர், கூடவே சக்கரத்துக்குக் கட்டை. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் 'பி' போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறு கொக்கிதான் வண்டியின் முழு எடையையும் தாங்குகிறது; முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி'. இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு வழியிலோ, ஓட்டுநர் இல்லாதபோது வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுத்தான் பொது இடத்தில் விட்டுச் செல்ல வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126வது பிரிவே சொல்கிறது.

மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு மட்டும் நான் சொல்வது நேர்மாறு. கழுவியவுடன் ஷெட்டில் ஏற்றாதீர்கள். தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து முறை பிரேக் மிதித்து ஈரத்தைக் காய வையுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். தேரையே முட்டுக்கட்டை போட்டு நிறுத்துகிற ஊர் நம்முடையது, ஒரு கார் நிற்காதா?

கானாடுகாத்தான் காருக்கு இரண்டு பக்கமும் புது ஷூ, புது கேபிள் போட்டுக் கொடுத்தேன். புது லைனிங் டிரம்மோடு பழகச் சில நாள் ஆகும் என்பதால் பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கப் போனேன். சக்கரங்களுக்கு அடியில் ஆப்பு வடிவில் வழவழவென்று இழைத்த நான்கு கட்டைகள். வீட்டைப் பழுதுபார்த்தபோது மிஞ்சிய பர்மாத் தேக்கு உத்திரத் துண்டைத் தச்சரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார்களாம் ஆச்சி. என் பட்டறையில் இன்னும் புளியங்கட்டைதான்.