திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடுதிரைக்கு என்ன ஆகிறது?

எந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தொடுதிரையைத்தான் தேடும். பதினேழு ஆண்டுகளாக அருங்காட்சியகங்களுக்கும் நினைவகங்களுக்கும் தொடுதிரை, புரொஜெக்டர், ஒலிவழிகாட்டி ஆகியவற்றை வடிவமைத்து நிறுவிக் கொடுப்பதே என் வேலை. பல இடங்களில் அந்தத் திரை கறுத்துக் கிடக்கும். ‘பழுது’ என்று எழுதிய தாள் அதில் ஒட்டியிருக்கும், அல்லது காவலரின் சாப்பாட்டுப் பை அதன் பீடத்தில் சாய்ந்திருக்கும். விசாரித்தால், “திறப்பு விழா அன்னைக்கு நல்லா ஓடுச்சு சார்” என்பார் அவர். அதில் பொய் இல்லை. அந்த ஒரு நாளைக்கு ஓடும்படிதான் பெரும்பாலான திரைகள் வாங்கப்படுகின்றன.

காரணம் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இருக்கும். ‘55 அங்குலத் தொடுதிரை, 6 எண்ணம்; புரொஜெக்டர், 2 எண்ணம்’ என்று கருவிகள் வரிசையாக எண்ணப்பட்டிருக்கும்; அவற்றில் என்ன வரவேண்டும் என்பது ‘தேவையான உள்ளடக்கத்துடன்’ என்ற இரண்டு சொற்களில் முடிந்துபோயிருக்கும். மிகக் குறைந்த விலை கோரியவருக்கே வேலை கிடைக்கும். அவரால் திரையின் அங்குலத்தைக் குறைக்க முடியாது. ஆகவே உள்ளடக்கத்தில் கை வைப்பார். சுவரில் அச்சிட்டு மாட்டிய அதே பத்தி, அதே படத்துடன் திரையிலும் வரும். வருகிறவர் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். யாரும் தொடாத திரை பழுதானால் யாரும் புகாரும் கொடுப்பதில்லை.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பிறகு, ‘எங்களுக்கும் இதுபோல வேண்டும்’ என்று கேட்டு வருகிறவர்கள் அதிகரித்திருக்கிறார்கள். பள்ளி அறக்கட்டளைகள், கோயில் நிர்வாகங்கள், குடும்ப நினைவகங்கள் வைத்திருப்போர் எனப் பலர். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, திரை இல்லாவிட்டால் இங்கே வருகிறவருக்கு எது கிடைக்காமல் போகும் என்பதைத்தான். பதில் சொல்ல முடியாத இடங்களில் நல்ல விளக்கும், பெரிய எழுத்தில் அச்சிட்ட பலகையும் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். தொழிலுக்கு நட்டம்தான்.

பதில் தெளிவாக இருக்கும் இடம் எது என்று கேட்டால் நான் தஞ்சைப் பெரிய கோயிலைச் சொல்வேன். கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டதால் மறைந்து கிடந்தவற்றை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சில இடங்களில் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனியே பாதுகாத்தார்கள். அந்த நடைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தாலும், நடை குறுகியது, சுவர் உயர்ந்தது. பின்னால் நகர்ந்து நின்று ஓவியத்தை முழுதாகப் பார்க்க இடம் கிடையாது. பகுதி பகுதியாக எடுத்த படங்களைத் தைத்து ஒன்றாக்கினால்தான் முழு ஓவியம் கண்ணுக்கு வரும். சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க ஓலையும் குடையுமாக வந்து நிற்கும் முதியவரின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதும், ஒரு தொடுகையில் நாயக்கர் அடுக்கையும் மறு தொடுகையில் சோழர் அடுக்கையும் மாற்றி மாற்றிக் காண்பதும் திரையால் மட்டுமே முடியும். அந்தச் சுவர் முன்னால் நிற்கிற அறிஞருக்குக் கூட அது கிடைக்காது.

எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டுச் செப்பேடுகளையும் இப்படியே சொல்லலாம். வளையத்தில் கோத்த 31 ஏடுகள் முதலாம் இராசேந்திரனின் முத்திரையோடு இருக்கின்றன. கண்ணாடிக்கு இப்பால் நிற்பவருக்கு அது ஒரு செப்புக் கட்டு; ஒவ்வோர் ஏடாகப் புரட்டி, எழுத்தைத் தொட்டால் இன்றைய வரிவடிவம் வரும்படி செய்தால் அது ஒரு புத்தகம். சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் இதே சிந்தனை ஒரு பெரிய நிர்வாக முடிவாகவே ஆனது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் சுவரோவியங்களைக் கெடுப்பதால், 2014இல் குகைகளுக்குத் தொலைவில் ஒரு மையம் திறந்தார்கள். அங்கே படக்காட்சிகளைப் பார்த்த பிறகே குகைகளுக்கு அனுப்புகிறார்கள். குகைக்குள் நிற்கும் நேரம் அதனால் குறைகிறது.

திரை, பொருளிடமிருந்து கண்ணைப் பறித்துக்கொள்ளவும் கூடும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013இல் தொடுதிரைகள் நிறைந்த ஒரு கூடத்தைத் திறந்து உலகெங்கும் பெயர் வாங்கியது. நான்கே ஆண்டுகளில், 2017இல், அதை மாற்றி அமைத்தார்கள். குனிந்து தொடுவதைக் குறைத்து, நிமிர்ந்து கலைப்பொருளைப் பார்த்தபடி உடலசைவால் இயக்கும் முறைக்குப் போனார்கள். கையில் பணமும் கூர்மையான ஆட்களும் இருந்த நிறுவனமே நான்காண்டில் திருத்திக்கொண்டது என்றால், பத்தாண்டுக்கு ஒருமுறை நிதி கிடைக்கும் மாவட்ட அருங்காட்சியகம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்!

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2012இல் ஒரு நினைவகத்துக்கு ஃபிளாஷ் மென்பொருளில், உலாவிக்குள் இயங்கும் தொடுதிரைக் காட்சி ஒன்றைச் செய்து கொடுத்தேன். அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிடப்போவதாக 2017 ஜூலையிலேயே அறிவித்திருந்தது. எனக்குத் தெரியும், ஆனால் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அவர்களுக்கு நான் எழுதவில்லை. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் இயங்குவதே தடுக்கப்பட்டது. பெருந்தொற்றுக்காக மூடியிருந்த நினைவகம் மீண்டும் திறந்தபோது திரையில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் மட்டும் இருந்தது. புதிதாகச் செய்துவிடலாம் என்று மூலக் கோப்புகளைத் தேடினால், அவை என்னைவிட்டு விலகிப்போன வடிவமைப்பாளர் ஒருவரின் பழைய வன்தட்டில் இருந்தன. அந்தத் தட்டு கெட்டுப்போயிருந்தது. காட்சியில் பேசிய முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார். சுருக்கப்பட்ட, இரைச்சல் மிகுந்த ஒலியாகத்தான் அவர் குரலை எங்களால் மீட்க முடிந்தது. அவருடைய மகள் வந்து அதைக் கேட்ட அன்று நான் அங்கே நிற்கவில்லை. நிற்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து என் ஒப்பந்தங்களில் நானே ஒரு பிரிவைச் சேர்த்துவிடுகிறேன்: மூலக் கோப்புகள், சுருக்காத ஒலி, முழுத் தெளிவுப் படங்கள், எழுத்துருக்களின் உரிமம், எல்லாக் கடவுச்சொற்கள் ஆகியவை அருங்காட்சியகத்தின் உடைமை, இரண்டு வன்தட்டுகளில் ஒப்படைத்து, காப்பாட்சியர் முன்னிலையில் திறந்து காட்டிய பிறகே இறுதித் தவணை. இதைக் கேட்க நிர்வாகங்கள் தயங்கவேண்டியதில்லை. மறுக்கும் நிறுவனத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிரிட்டனில் 1086ஆம் ஆண்டின் நில அளவைப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசி 1986இல் நாடு முழுவதும் மக்களைக் கொண்டு தகவல் திரட்டி லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, ஆய்வாளர்கள் போராடி மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டுப் பதிவேட்டை இன்றும் புரட்டிப் படிக்கலாம்.

கருவியின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த பெரிய தொடுதிரைகள் பல அகச்சிவப்புச் சட்டம் கொண்டவை. சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். விரல் அவற்றை மறைக்கும் இடத்தைக் கருவி தொடுகையாக எடுத்துக்கொள்ளும். மறைப்பது விரல்தானா என்று அதற்குத் தெரியாது. தென்மாவட்டம் ஒன்றில், ஆளில்லாத கூடத்தில் பக்கங்கள் தானாக மாறுகின்றன என்று இரவுக் காவலர் வேலைக்கு வரவே அஞ்சினார். போய்ப் பார்த்தால், திரையின் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைப் பிடிக்க ஒரு பல்லி கண்ணாடியின் மேல் குடியிருந்தது. மழைக்காலத்து ஈசலும், ஓரத்தில் சேரும் தூசியும், சாளரம் வழியே நேராக விழும் வெயிலும் இதே குழப்பத்தைச் செய்யும். கைப்பேசித் திரைபோல மின்னேற்றத்தை உணரும் வகை தூசிக்கும் வெயிலுக்கும் அவ்வளவாக அஞ்சாது. விலை கூடுதல், எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் அதுவும் தாறுமாறாக நடக்கும்.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. விளையாட்டுகளும் முப்பரிமாணக் காட்சிகளும் செய்யப் பயன்படும் மென்பொருள்கள் சில, தமிழின் உயிர்மெய்க் கோவையை அறியாதவை. ‘கொற்கை’ என்று தட்டச்சு செய்தால் கொம்பு இடம் மாறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதை மறைக்கப் பழைய, ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்களும், சொற்களைப் படமாக்கி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் பிறகு ஓர் எழுத்தைத் திருத்தவேண்டுமானாலும் அவர்களையே தேடிப் போகவேண்டும். கல்வெட்டு எழுத்தின் வளர்ச்சியைக் காட்டும் கூடத்திலேயே இன்றைய எழுத்து பிழையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே மாதிரி காட்டும்போது ‘கெ, கே, கை, கொ, கோ, கௌ, ஸ்ரீ’ ஆகியவற்றைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்; ஐந்து நிமிட வேலை.

திரையின் உயரம் சிறிய விஷயமாகத் தெரியும். பொத்தான்கள் எல்லாம் வளர்ந்த ஆணின் மார்பு உயரத்தில் இருந்தால், பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் வெளியே நிற்கவேண்டியதுதான். கை எட்டும் உயரம் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அணுகல்வசதியைக் கடமையாக்குகிறது. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக ஒலியும் வேண்டும். அந்தக் குரல் செய்தி வாசிப்பதுபோல் இல்லாமல் ஆள் பேசுவதுபோல் இருந்தால் நின்று கேட்கிறார்கள்.

பார்வையாளராக வருகிறவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அரச உடையில் உங்கள் படத்தைக் காட்டும் திரை, அதை அனுப்புவதற்கென்று கைப்பேசி எண் கேட்டால், எண்ணும் முகமும் யாரிடம் போகின்றன, எப்போது அழிக்கப்படும் என்று கேளுங்கள். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. பள்ளிச் சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே அந்த ஒப்புதலை வாங்குவது எளிதன்று. படத்தைத் திரையிலேயே காட்டி அழித்துவிடும்படி அமைப்பதே நான் சொல்லும் வழி. பலகைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடுகள் இன்னொரு ஓட்டை. ஒப்பந்தக்காரரின் இணையமுகவரிக்கு அது போகுமானால், அவர் முகவரியைப் புதுப்பிக்காத ஆண்டில் அதை வேறு யாரும் வாங்கி எதையும் காட்டலாம். முகவரி நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும். குறியீட்டின் மேல் இன்னொரு ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்காமல் காவலரிடம் சொல்லிவிடுங்கள்.

என் அனுபவத்தில் திரைகளை மிகுதியாகக் கொன்றது மாலை ஐந்து மணி. கூடத்தைப் பூட்டும் காவலர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவார். கணினி எழுதிக்கொண்டிருக்கும் போதே மின்சாரம் அறுபடும். நாள்தோறும் இப்படி நடந்தால் ஒரு நாள் வன்தட்டில் கோப்பு சிதைந்து, மறுநாள் காலை கணினி எழுந்திருக்காது. காவலர் மேல் குற்றமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது நான் நிறுவும் கணினிகள் 4.45 மணிக்குத் தாமே அணைந்துகொள்ளும். காலையில் மின்சாரம் வந்ததும் தாமே எழும். இடையில் மின்சாரம் போனாலும் ஒழுங்காக அணைய நேரம் கிடைக்கும் அளவுக்கு யுபிஎஸ் இருக்கும். நிறுவும் வேலையின் கடைசி நாளை அதிகாரிகளுக்கு ஒதுக்காமல் காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒதுக்குகிறேன். திரையைத் துடைக்க எது ஆகும், எது ஆகாது, உறைந்து நின்றால் எந்தச் சுவிட்ச், அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, கணினிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டு வருகிறேன். சென்ற மாதம் ஓரிடத்திலிருந்து காவலர் அழைத்தார். நடுத்திரை நின்றுபோனதாகவும், தாளில் உள்ளபடி மூன்றாவது சுவிட்சை அணைத்துப் போட்டதாகவும், இப்போது ஓடுவதாகவும், ஆனால் தாள் கிழிந்துவிட்டதால் இன்னொன்று அனுப்பும்படியும் சொன்னார்.